ஆகனில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனேன்: நீங்களும் போவதாக இருந்தால்

என் மகன் ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறான். 2025 மே மாத நடுவில் போய், 42 நாள் இருந்துவிட்டு ஜூன் கடைசியில் திரும்பினேன். நான் கரூரில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. வந்ததிலிருந்து, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் அம்மா அப்பாக்கள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் எப்போது போவது என்பது. நம் வசதியைப் பார்த்து டிக்கெட் போடக் கூடாது. அங்கே கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை பாதிவரை நடக்கும். குளிர்கால செமஸ்டர் அக்டோபரிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை. வகுப்பு முடிந்த கையோடு பரீட்சைகள் வரிசையாக வரும். அது தெரியாமல், ‘லீவு விட்டிருப்பார்கள்’ என்று நான் ஆகஸ்டில் வருவதாகச் சொன்னேன். "ஆகஸ்ட்ல வந்தீங்கன்னா எனக்கு நாலு பரீட்சைம்மா. உங்களை ரூம்ல உக்கார வெச்சுட்டு நான் லைப்ரரிக்குப் போயிருவேன்" என்றான். மே, ஜூன்தான் நல்லது. குளிர் குறைந்திருக்கும், ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். அவன் பல்கலைக்கழகத்தில் பெந்தெகொஸ்தே பண்டிகை வாரம் வகுப்பு கிடையாது. வெளியூர்ப் பயணங்களை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டோம்.

விசாவை ஆறு மாதம் முன்பிலிருந்தே கேட்கலாம். நமக்கு வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா. 180 நாளில் 90 நாள்வரை இருக்கலாம். கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் உண்டு. முடிவு வர 15 நாள் என்பார்கள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கும் நாள் பிடிக்கும். அதனால் மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

பிள்ளை அனுப்ப வேண்டியவை: கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, பாஸ்போர்ட் நகல், அங்கே தங்கும் உரிமை அட்டையின் நகல். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று நாமேதான் காட்ட வேண்டும். செலவை அங்கிருப்பவர் ஏற்றுக்கொள்ளும் உறுதிப் பத்திரம் என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கு வருமானம் வேண்டும். மாணவர்களால் பெரும்பாலும் முடியாது. நான் பென்ஷன் ஆணை, மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு வைத்தேன். திரும்பி வருவேன் என்று காட்ட வீட்டு வரி ரசீதும், கணவர் இங்கேதான் இருக்கிறார் என்ற விவரமும். ஒரு டிராவல் ஏஜென்ட், "யார்கிட்டயாவது மூணு லட்சம் கைமாத்து வாங்கிக் கணக்குல போட்டு வைங்க மேடம்" என்றார். அதை மட்டும் செய்யாதீர்கள். திடீரென்று வந்து விழுந்த பணம் ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரியும், சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதாமாதம் வரும் பென்ஷனும் கொஞ்சம் சேமிப்பும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விலை குறைந்ததாகப் பார்த்து எடுக்காமல், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷரால் அவசரம் வந்தால் செலவைக் கொடுப்பார்களா என்று கேட்டு எடுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப் பெயரை எழுதி வாங்குங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

அப்புறம் பெட்டி. இதில்தான் எல்லாத் தாய்மார்களும் தவறு செய்கிறோம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போகக் கூடாது. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. கொப்பரைத் தேங்காயை நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று. அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம், ஆகனிலேயே ஆசியக் கடைகள் இருக்கின்றன. நான் கொண்டு போனது பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, நாரத்தங்காய் ஊறுகாய், வடகம், கருப்பட்டி, கடலைமிட்டாய். நெய்க்கு வழி அங்கேயே இருக்கிறது. உப்பில்லாத வெண்ணெய் கால் கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கும். அதைச் சின்னத் தீயில் வைத்தால் முதலில் நுரைத்து, படபடவென்று சத்தம் போட்டு, அப்புறம் அடங்கும். அடியில் செம்பழுப்பாகக் கசடு தங்கியதும் இறக்கிவிட வேண்டும். நம் ஊர் வாசனை அப்படியே வந்தது.

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரடி விமானம் இருக்கிறது. முதல் பயணத்துக்கு நேரடி விமானமே போங்கள், இடையில் மாறும் பதற்றம் வேண்டாம். அது நள்ளிரவு தாண்டிக் கிளம்புவது. டிக்கெட்டில் சனிக்கிழமை என்று இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், காப்பீடு, மகனின் முகவரி நான்கையும் ஒரே கவரில் கையில் வைத்திருங்கள். எல்லை அதிகாரி என்னிடம் யாரைப் பார்க்க, எத்தனை நாள் என்று இரண்டே கேள்விதான் கேட்டார். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது, வரிசையில் கூடுதல் நேரம் ஆகலாம். விமான நிலையத்துக்குள்ளேயே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. ஆகனுக்குச் சில நேரடி ரயில்கள் உண்டு, இல்லாவிட்டால் கொலோனில் மாற வேண்டும்.

தங்குவதற்கு, ஹாஸ்டல் அறையிலேயே இருந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு ஹாஸ்டலிலும் விதி இருக்கும். ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையை இடைக்கால வாடகைக்கு விடுவது அங்கே வழக்கம். என் மகன் ஹாஸ்டல் அலுவலகத்தில் கேட்டு, அதே மாடியில் ஓர் அறையை எனக்கு எடுத்து வைத்திருந்தான். அவனுக்கும் தூக்கம் கெடவில்லை, எனக்கும் கதவைச் சாத்திப் படுக்க ஓர் இடம்.

சமையலறை எட்டுப் பேருக்குப் பொது. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. போன அன்றே அவன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், முந்தின வருஷம் நான் கொடுத்துவிட்ட பருப்புப் பொடி டப்பா. டப்பாவின் அடியில் ஒரு ஸ்பூன் அளவு பொடி, நிறம் மங்கிப்போய்.

"தீர்ந்துபோச்சுன்னு ஏன் கண்ணு சொல்லல?"

"தீரக் கூடாதுன்னுதான்மா வெச்சிருக்கேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டேன்.

தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, மேலே புகை இழுப்பானைப் போடுங்கள்; புகை மணி அடித்தால் கட்டிடமே வெளியே வந்து நிற்கும். சமைத்த உடனே பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி கூடாது. நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் கொண்டு போங்கள். அவன் அறையை நம் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்காதீர்கள். எனக்குக் கை பரபரத்தது, ஆனால் எது எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். வாரத்தில் மூன்று நாள் நான் சமைத்தேன், இரண்டு நாள் அவன் எனக்குச் சமைத்துப் போட்டான். அவன் வைத்த தக்காளி ரசம் நன்றாகவே இருந்தது.

பகலில் அவன் வகுப்புக்குப் போய்விடுவான். நீங்கள் தனியாகப் பஸ் ஏறப் பழகுங்கள். ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்று மாதச் சந்தா இருக்கிறது. நான் போனபோது 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ போன்ற வேக ரயில்களில் செல்லாது. சந்தாவை அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், பால், காய்கறி சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் இருக்கும் மெஷினில் திருப்பிப் போட்டால் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 25 சென்ட் கிடைக்கும்.

ஆகனில் சார்லமேன் மன்னர் கட்டிய தேவாலயம் இருக்கிறது, 1978இல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலிலேயே இடம் பெற்றது. பக்கத்திலேயே கந்தக வாசனை அடிக்கும் வெந்நீர் ஊற்று. என் மனம் நிறைந்தது ஹம் நகரத்தில். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆகனிலிருந்து ‘ஆர்இ 1’ என்ற உள்ளூர் ரயில் ஹம் வரைக்கும் நேராகப் போகிறது, மாதச் சந்தாவே போதும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கிருந்து பஸ். தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் தெரிந்ததும் மகன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான், இன்னும் நூறடி இருக்கும்போதே. தேர்த் திருவிழா வழக்கமாகக் கோடைத் தொடக்கத்தில் வரும். தேதி பார்த்துப் போங்கள்.

கிளம்பும்போது பெட்டி காலியாக இருக்கும். அவன் போடாத சட்டைகள், முடித்த புத்தகங்கள், அடுத்த முறைக்கான காலி டப்பாக்கள் எல்லாவற்றையும் அதில் எடுத்து வந்தேன். பருப்புப் பொடி டப்பாவை மட்டும் கழுவிக் காயவைத்து, புதுப் பொடி நிரப்பி, மூடிமேல் சீட்டு ஒட்டினேன்: "அக்டோபருக்குள் தீர்த்துவிடு. அடுத்தது தபாலில் வரும்."