தர்மபுரி வெயிலில் ஓவர்க்ளாக் செய்யலாமா?

செய்யலாம். ஓவர்க்ளாக் என்றால் ப்ராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது. ஆனால் உங்கள் ப்ராசஸர் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்டெல் என்றால் பெயரில் எண்ணுக்குப் பின் கே எழுத்து வரும் சிப்பும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியின் ரைசனில் பெரும்பாலும் வேகத்துக்குப் பூட்டு கிடையாது, பி அல்லது எக்ஸ் வரிசை போர்டு போதும், ஓவர்க்ளாக் வராத ஏ520 போர்டு வாங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

வேகத்தை மட்டும் கூட்டினால் சூடு ஓரளவுதான் ஏறும். வோல்டேஜில் கை வைக்கும்போதுதான் வம்பு, ஏனென்றால் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும், சிப்பின் ஆயுளும் குறையும், வாரன்டியும் போகலாம். அதனால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை ஒரு படி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், ஏற்றி, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சாஃப்ட்வேரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள். 90 டிகிரியை நெருங்கினாலோ கம்ப்யூட்டர் தொங்கினாலோ ஒரு படி இறங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லையா, பயாஸ் செட்டிங்ஸைச் சேமிக்கும் சிமோஸை க்ளியர் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்தச் சோதனையை மார்கழி ராத்திரியில் செய்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்! எந்த ஏர் கூலரும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாகச் சிப்பை வைக்காது, ஆகவே ஏசி இல்லாத மாடி அறையில், மே மாத மதியத்தில் தாங்குகிறதா என்பதுதான் கணக்கு.

லாபம்? வீடியோ ரெண்டரிங் செய்தால் கொஞ்சம் உண்டு. கேமுக்கு என்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் முட்டுக்கட்டை, பெரிய கூலருக்குப் போடும் காசை அதில் போடுங்கள். என்னைக் கேட்டால், நம்ம ஊருக்கு அண்டர்வோல்ட்தான், அதாவது வோல்டேஜை மட்டும் கொஞ்சம் குறைப்பதுதான் சரி: வேகம் அப்படியே இருக்கும், சூடு இறங்கும், ஃபேன் சத்தமும் அடங்கும்.