ஈரப்பதம் அளக்காத சிப்

குளச்சலில் எங்கள் வீட்டு மாடியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியோடு ஒரு வானிலை சென்சாரை இணைத்து, அதை லினக்ஸ் புரிந்துகொள்ள வைக்கும் டிரைவர் நிரலை நானே எழுதினேன். அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சிப் என்று சொல்லித்தான் விற்றார்கள். டிரைவரை ஏற்றினால் பிழை எண் மைனஸ் 19. அப்படியொரு சாதனமே இல்லையாம். கடல் உப்புக்காற்றில் வயர் போயிருக்கும் என்று இரண்டு ராத்திரி சால்டரிங் அயர்னோடு மல்லுக்கட்டினேன். வீண் வேலை. சென்சாரை இணைக்கும் ஐ2சி தடத்தை ஸ்கேன் செய்தால், அதன் முகவரியான 76 பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது!

அப்புறம்தான் சிப் தன் அடையாள எண்ணை வைத்திருக்கும் டி0 ரெஜிஸ்டரில் என்ன வருகிறது என்று லினக்ஸின் கெர்னல் லாகில் (பதிவுக் குறிப்பில்) அச்சிட்டுப் பார்த்தேன். ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில், 58. பிஎம்இ280 என்றால் 60 வரவேண்டும். 58 வந்தால் அது பிஎம்பி280. அழுத்தம், வெப்பம் மட்டும்தான் அளக்கும், ஈரப்பதம் கிடையாது. 60 இல்லையென்றதும் என் டிரைவர் நிரல்தான் அதை வாசலிலேயே விரட்டியிருக்கிறது. சரி, 58ஐயும் ஏற்று, ஈரப்பத ரெஜிஸ்டர்களைத் தொடாமல் விடும்படி மாற்றினேன். உடனே 1008 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டியது.