ஸ்தோத்திரம் வாயில் வராத நாட்களில்

2022-ல் திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்தார். எட்டு மாதம் படுக்கை. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போவேன். பாலெடுத்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன். களியக்காவிளை வரை டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், அதற்கப்புறம் கேரளா பஸ்ஸில் டிக்கெட். மழை பெய்தால் வெட்டும் இல்லை, அந்த டிக்கெட் காசும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஸ்தோத்திரம் சொல்லு, எல்லாம் மாறும்." எனக்கு ஸ்தோத்திரம் வரவில்லை. அதே நிலையில் இருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முறையிடுங்கள். பைபிளில் சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறான் தாவீது. நான் அதைத் தோட்டத்தில் சத்தமாகவே சொல்வேன். வெட்டில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலை இழுத்துப் போட்டு, பட்டையில் இடமிருந்து வலமாகச் சரித்துக் கத்தியை ஓட்டி, சிரட்டையை நிமிர்த்தி வைக்கும்போது ஒரு "எதுவரைக்கும்". அடுத்த மரத்துக்கு இன்னொன்று. இருட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆறாம் வசனத்தில் அவன் பாட ஆரம்பித்துவிடுகிறான். உங்களுக்கு அது வராவிட்டால் ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 88-ம் சங்கீதத்தில் கடைசி வரிகூட ஆறுதல் இல்லை, தெரிந்தவர்கள் விலகிப்போனதோடு முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது, சாப்பிடுங்கள். சிரிக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். எனக்கு அந்த அடை, பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் கொண்டுவந்த மரச்சீனிக்கிழங்கும் நெத்தோலிக் கறியும். "தின்னு மக்களே" என்றதோடு சரி, ஒரு வசனம் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபின் நண்பர்களும் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

ஆராதனைக்குப் போங்கள், கடைசி வரிசை போதும். பாட வரவில்லையா, மற்றவர்கள் பாடட்டும்.

இந்த ஜெபத்துக்கு இவ்வளவு காணிக்கை என்று யாராவது கணக்குச் சொன்னால் கதவைச் சாத்துங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அதைவிட வேகமாகச் சாத்துங்கள். என்னிடம் ஒருவர் இரண்டும் சொன்னார். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் சாத்தினேன், 3,000 ரூபாய் போனது.

செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால், அது விசுவாசக் குறைவு என்று மறைக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் காசு இல்லாமல் தமிழிலேயே பேசுவார்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபை என்றாலும், ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த பிறகு ஒருநாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குத் தனியாகப் போனேன். நட்டாலத்தில் பிறந்து கத்தோலிக்கரான தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14-ல் சுட்டுக்கொன்ற இடம். மாடும் பயிரும் நஷ்டப்பட்டு நொந்திருந்த அவருக்கு திருவிதாங்கூர் படைத் தளபதி டிலனாய் சொன்னது யோபின் கதை என்பார்கள். 2022 மே 15-ல் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். நான் நினைத்துக்கொண்டது அவருக்குப் பூட்டியிருந்த கைவிலங்கைப் பற்றி. எத்தனை ஜெபித்திருப்பார், அது கழன்று விழவில்லை. ஆனாலும் அவர் ஜெபத்தை விடவில்லை. அன்றைக்கு அந்தப் பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். சாரத்தில் இனி ஏற முடியாது. சாயங்காலம் ரப்பர் ஷீட் காயப்போடும்போது கொடியின் மறுமுனையைப் பிடித்துத் தருகிறார். சங்கீதம் 13-ஐ இன்றும் சொல்கிறேன். சில நாள் ஆறாம் வசனம் வரை.