பழைய காருக்குப் புது கார்பெட்டா? முதலில் வெயிலில் போடுங்கள்

புது கார்பெட்டை வாங்கியதும் காருக்குள் திணிக்காமல், மதிய வெயிலில் மொட்டைமாடியிலோ வாசலிலோ அரை மணி நேரம் விரித்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் உள்ளே கொண்டுபோய்ப் பொருத்துங்கள். சுருட்டியே விற்பதால் மடிப்பு விழுந்து விறைத்துக் கிடக்கும் சிந்தெட்டிக் நாரும் அடியில் இருக்கிற ரப்பரும் சூட்டில் இளகிவிடும், அதனால் கியர் பக்கத்து மேட்டிலும் மூலைகளிலும் கையால் அழுத்தினாலே படிந்து, ஆறியதும் அப்படியே நின்றுவிடும். நம்ம திருநெல்வேலி வெயில் இதற்காவது உதவட்டும்.

பழைய கார்பெட்டை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் அளவு. இரண்டையும் கவிழ்த்துப் போட்டு சாக்பீஸால் வரைந்துகொண்டு வெட்டினால் வெட்டுக்கூலி மிச்சம். சீட் போல்ட் துளைக்குக் கத்தி வேண்டாம், ஆணியைக் குறடால் பிடித்துச் சூடாக்கிக் குத்தினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. இதை மட்டும் காருக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள்.

சணல், பருத்தி விரிப்புக்கு இந்தச் சூட்டு வேலையெல்லாம் ஒத்துவராது. அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் இறங்கித் தரைத்தகரம் ஈரமாகவோ துருப்பிடித்தோ இருந்தால் கார்பெட் வேலையையே தள்ளிப்போட்டு, கதவு ரப்பரை முதலில் பாருங்கள்.