ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடில் மொபிலிட்டி கணக்கிடுவது எப்படி?

இந்த மெல்லிய குறைக்கடத்தியில் செய்த டிரான்சிஸ்டர் தயார், புரோப் ஸ்டேஷனில் (சிறு ஊசிகளால் தொட்டு அளக்கும் மேடை) ஏற்றியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். இனி, எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக ஓடுகின்றன என்பதை, அதாவது மொபிலிட்டியை, ஓர் எண்ணாக எடுக்க வேண்டும்.

1. டிரெயின் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனை) மின்னழுத்தம் 0.1 வோல்ட் போதும். கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். கேட் வழியாகக் கசியும் மின்னோட்டத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள்.

2. கேட் மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் நேர்கோடாக ஏறும் பகுதியில் சாய்வை எடுங்கள். அதை சேனல் (எலக்ட்ரான்கள் ஓடும் பாதை) நீளத்தால் பெருக்கி, அகலம், ச.செ.மீ.க்கான கேட் கெப்பாசிடன்ஸ் (மின்னூட்டம் தேக்கும் திறன்), டிரெயின் மின்னழுத்தம் மூன்றாலும் வகுத்தால் மொபிலிட்டி. நீளம் 5 மைக்ரான், அகலம் 10 மைக்ரான், சாய்வு வோல்ட்டுக்கு 50 நானோ ஆம்பியர், சேனலுக்கும் கீழ் கேட்டுக்கும் நடுவே 300 நானோமீட்டர் சிலிக்கன் ஆக்சைடு (ச.செ.மீ.க்கு 11.5 நானோ ஃபாரட்) என்றால், விடை சுமார் 22 செ.மீ²/வோல்ட்-விநாடி. சாய்வுக்கு எக்செல் வேண்டாம், பைத்தானில் நேர்கோடு பொருத்துங்கள். வகைக்கெழுவின் உச்சத்தை மட்டும் எடுத்தால் இரைச்சலும் சேர்ந்து வந்துவிடும்.

3. இங்கேதான் நிதானம் தேவை. அந்த 11.5 எப்போது செல்லும்? சேனலுக்கு மேலே வேறு உலோகம் இல்லாதபோது மட்டும். 2011-இல் இயற்பியலாளர் ஆண்ட்ராஸ் கிஸ் குழு மொபிலிட்டி சுமார் 200 செ.மீ²/வோல்ட்-விநாடி என்று அறிவித்தது, துறையே பரபரப்பானது. 2013-இல் ஆய்வாளர்கள் ஃபூரரும் ஹோனும் அந்த எண்ணில் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். சேனலுக்கு மேல் வைத்து, எங்கும் இணைக்காமல் விட்ட மேல் கேட், தன் பெரிய பேட் (ஊசி தொடும் உலோகத் தட்டு) வழியாகக் கீழ் கேட்டின் மின்னழுத்தத்தைப் பின்தொடரும். சேனலிலிருந்து அது சில பத்து நானோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் எலக்ட்ரான்களைக் கீழ் கேட்டைவிடப் பலமாக இழுக்கும். உண்மைக் கெப்பாசிடன்ஸ் கூடிவிட, பழைய எண்ணால் வகுத்தவருக்கு மொபிலிட்டி வீங்கித் தெரியும். ஆகவே மேல் கேட்டை கிரவுண்ட் செய்யுங்கள். ஹால் அளவீட்டு (காந்தப்புலத்தில் வைத்து அளப்பது) வசதி இருந்தால் அதுவே மேல்: எலக்ட்ரான் அடர்த்தி நேரடியாகக் கிடைக்கும், கெப்பாசிடன்ஸை ஊகிக்க வேண்டியதில்லை.

4. முடிந்தால் நான்கு முனை அளவீடு (மின்னோட்டத்துக்கு இரண்டு முனை, மின்னழுத்தம் அளக்க வேறு இரண்டு) செய்யுங்கள். இரண்டு முனையில் உலோகத் தொடுப்பின் மின்தடையும் கலந்துவிடும். பெரும்பாலும் மொபிலிட்டி குறைவாகத் தெரியும். ஆனால் அந்தத் தடை கேட் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறினால் கூடுதலாகவும் காட்டும். எனவே "இரண்டு முனை மதிப்பு குறைந்தபட்ச வரம்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம்.

பின்சேர்க்கை: "போகும்போதும் வரும்போதும் வளைவு ஒன்றின் மேல் ஒன்று விழவில்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மேற்பரப்பில் ஒட்டிய ஈரமும் ஆக்சைடில் சிக்கும் மின்னூட்டமும்தான் பெரும்பாலும் காரணம். வெற்றிடத்தில் சூடாக்கி, வெளியே எடுக்காமல் அங்கேயே அளந்து பாருங்கள். அப்புறமும் இடைவெளி இருந்தால் இரண்டு திசை மதிப்புகளையும், ஸ்வீப் (கேட் மின்னழுத்தத்தை மாற்றும்) வேகத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.