நாற்பதை நெருங்கும் ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தைத் தாங்க வேண்டியவன் நீதான் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஆண்கள் பலரும், முப்பத்தைந்து வயதைத் தாண்டும்போது உடம்பில் ஏதோ சரியில்லை என்பதையும், எங்கோ ஒரு கடன் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும், மனம் சோர்ந்துபோயிருக்கிறது என்பதையும் வீட்டில் சொல்லாமலேயே வைத்திருக்கிறார்கள். வீட்டாரைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தொடங்கும் இந்த மறைப்பு, கடைசியில் அதே வீட்டாரின் தலையில்தான் மொத்தமாக வந்து விழுகிறது. அதிகாலையில் எழுவது எப்படி, வெற்றி பெற்றவர்களின் பழக்கங்கள் எவை என்று தேடிப் படிப்பதற்கு முன்பு, மறைத்து வைத்திருப்பதை வெளியே எடுத்து வைப்பதே ஆண்களின் சுயமுன்னேற்றத்தில் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

வலி இல்லாதவரை நோயும் இல்லை என்று நம்புவது உடல்நல விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமலே இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கண்களையும் கெடுக்கக்கூடியவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனையில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் வந்தால், மறுபடியும் சோதித்து நோயை உறுதி செய்துகொள்ள வேண்டும்; 100 முதல் 125 வரை என்றால் அது நோய்க்கு முந்தைய கட்டம், உணவாலும் நடையாலும் திருத்திக்கொள்ள நல்ல வாய்ப்புள்ள கட்டம். கைகால்கள் ஒல்லியாக இருக்க வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மிடையே சாதாரணம் என்பதால், எடை மெஷினை மட்டும் நம்பக் கூடாது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.யைத் தாண்டினாலே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த சில மாதங்களில் அளவு சீரானதும், "அதான் நார்மலுக்கு வந்துவிட்டதே" என்று தாமாகவே நிறுத்திவிடுவோரை எங்கும் பார்க்கலாம். மாத்திரையால்தான் அளவு சீராக இருக்கிறது. நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அளந்து பார்ப்பதிலும் கவனம் தேவை. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடும், டீ குடித்த கையோடும், செல்போனில் பேசிக்கொண்டும் எடுத்த அளவை நம்ப முடியாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் மேசை மேல் வைத்து அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, பத்தாண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே அதிக எடையைத் தூக்குவதைத் தவிர்த்தாலே பாதி நன்மை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியும், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலத்த குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாக எண்ணுவதையும் விட வேண்டும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொன்னால், அவர் சொல்வதை நம்பி மருத்துவரிடம் போக வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுப்படாமல் இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மறைப்பு மிக ஆழமாக வேரூன்றியிருக்கும் இடம் அதுதான். நண்பர் கேட்கிறாரே, மச்சினர் கேட்கிறாரே என்று, வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போடுவதை முதலில் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு ஜாமீன் போட்டவரிடம் வங்கி வந்து நிற்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அந்தத் தொகையைத் தன் கைப்பணத்திலிருந்து கட்ட முடியுமா, கட்டினால் உறவு கெடாமல் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவர் கையெழுத்துப் போடக் கூடாது. முடியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர், மனைவியைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றாவது சொல்லலாம், கலந்துகொள்ளவும் வேண்டும்.

கடனை விரைவில் அடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் பங்குச்சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில், அதாவது வருங்கால விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துச் செய்யும் ஒப்பந்தங்களில் இறங்குவது இன்னும் ஆபத்தானது. 2024 செப்டம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தார்கள். அவர்கள் அனைவரின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. செல்போன் திரையில் தனியாக உட்கார்ந்து இழக்கும் பணம் என்பதால், வீட்டில் யாருக்கும் தெரிவதற்குள் தங்க நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வருவதும் இதே வகை. மாதத்துக்கு மூன்று, மூன்றரை விழுக்காடு என்று சொல்லப்படும் வட்டி ஆண்டுக்கு நாற்பதைத் தொடுகிறது. நகையை வங்கியில் வைத்தாவது அந்தக் கடனை முதலில் தீர்ப்பது நல்லது.

உறவினர் முகவராக இருக்கிறார் என்பதற்காக, கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் பாலிசிகளாக நான்கைந்து எடுத்துவிட்டு, ஆயுள் காப்பீடு செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது மற்றொரு தவறு. அவற்றின் காப்பீட்டுத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் ஓரிரு ஆண்டுச் செலவுக்குக்கூட வராது. ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்குக்காவது டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி இருப்பதே பாதுகாப்பு. வருங்கால வைப்பு நிதியில் நாமினி யார் என்பதையும் இன்றே பார்க்க வேண்டும். குடும்பம் அமைவதற்கு முன்பு செய்த நாமினி நியமனம், குடும்பம் அமைந்தபின் செல்லாது என்று அந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. திருமணத்துக்குப் பிறகு புதிதாகப் பதிய வேண்டும், அதை ஆதார் மூலம் இணையத்திலேயே செய்துவிடலாம். இவை எல்லாவற்றையும், அதாவது கணக்கு எண்கள், பாலிசிகள், கொடுத்த கடன், வாங்கிய கடன், பத்திரம் இருக்கும் இடம் என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டி வைக்க வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைவதற்கு முன்பே வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலையத் தொடங்கும் பெண்களுக்கு, அந்த ஒரு நோட்டு செய்யும் உதவி மிகப் பெரிது.

உறவுகளில் நேரும் தவறு, சம்பாதித்துக் கொடுப்பதையே அன்பின் முழு வடிவமாக எண்ணிக்கொள்வது. வேலையில் நடந்ததை மனைவி சொல்லும்போது இரண்டாவது வாக்கியத்திலேயே தீர்வு சொல்லி முடித்துவிடுவது, பள்ளியிலிருந்து வந்த மகனிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் கேட்காமல் இருப்பது, அப்பாவோடு பேச வேண்டியதையெல்லாம் அம்மா வழியாகவே பேசுவது எனப் பல வீடுகளில் ஆண்கள் விருந்தாளிகளைப் போல ஆகிவிடுகிறார்கள். நண்பர்களோ மது மேசையில்தான் சேர்கிறார்கள். அங்கே பேசுவது காலையில் நினைவில் இருப்பதில்லை.

இந்தத் தனிமையின் விலை கொடியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1.22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எரிச்சல் மட்டுமே மிஞ்சும் நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதைச் சோம்பல் என்றோ கோழைத்தனம் என்றோ தள்ளிவிடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஒரு நண்பர் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கியிருந்தால், "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவரும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

வாழ்வின் நோக்கம் என்பதைப் பதவியோடு ஒட்டவைத்துக்கொள்வது, வெளியில் தெரிவதற்கு வெகுநாளாகும் தவறு. முப்பது ஆண்டுகள் மேலாளராகவோ ஆசிரியராகவோ இருந்தவர், ஓய்வு பெற்ற மறுவாரம் தொலைபேசி ஒலிக்காததைக் கண்டு தளர்ந்துபோகிறார். பிள்ளைகள் செட்டிலான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தவை, அப்போது உடம்பும் ஆர்வமும் ஒத்துழைக்காமல் நின்றுவிடுகின்றன. பிறருடைய மேடைப் பேச்சிலிருந்து ஒரு பெரிய இலட்சியத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை. சம்பளத்துக்கும் குடும்பத்துக்கும் வெளியே, நான்கு பேர் நம்மை எதிர்பார்த்திருக்கும் ஒரு வேலையை நாற்பது வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். கணக்கு நன்றாக வரும் ஒருவர் ஞாயிறு காலைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லித் தரலாம். ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தவர் அதைத் தூர்வாரும் இளைஞர்களோடு நிற்கலாம். தகுதியுள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். எதை எடுத்துக்கொண்டாலும், அதற்கென வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கி, அந்த நேரம் இன்னதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்துவிட்டுத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.