எல்லா சைட்டுக்கும் ஸ்டாட்டிக் ஐபி வேண்டாம்

கட்டுமான நிறுவனத்தின் சைட்டுகளை ஆபீஸ் சர்வரோடு இணைக்க, தலைமை அலுவலகத்தின் ஃபைபர் லைனுக்கு மட்டும் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கினால் போதும். சைட்டில் வயர்கார்டு (இணையத்தின் வழியே இரண்டு இடங்களுக்கு இடையே பாதுகாப்பான தனிச் சுரங்கம் போடும் விபிஎன்) வசதியுள்ள ஒரு 4ஜி ரவுட்டரும் சாதாரண டேட்டா சிம்மும் இருந்தால் வேலை முடிந்தது.

சிம் இணைப்பில் பெரும்பாலும் நமக்கென்று தனி பொது ஐபி கிடைக்காது. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அதனால் வெளியிலிருந்து சைட் ரவுட்டரை நேரடியாகப் பிடிக்க முடியாது. ஆனால் சைட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகும் இணைப்புக்குத் தடை இல்லை. அப்படி ஒருமுறை சுரங்கம் திறந்துவிட்டால் வரைபடம், பில், சைட் கேமரா எல்லாம் இரு பக்கமும் ஓடும். சைட் ரவுட்டரில் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' (சுரங்கம் மூடாமல் இருக்க அவ்வப்போது சிறு சிக்னல் அனுப்பும் அமைப்பு) மதிப்பை 25 நொடி என்று வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் ஆபீஸிலிருந்து சைட்டைத் தொட முடியாமல் போகும். அப்புறம், ஒவ்வொரு சைட்டுக்கும் வெவ்வேறு ஐபி வரிசை கொடுங்கள்: ஒன்றுக்கு 192.168.11, அடுத்ததற்கு 192.168.12. எல்லா ரவுட்டரையும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினால் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை வந்து இங்கேதான் சிக்கும்.

கோப்புகள் ஏற்கெனவே கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. ஆபீஸ் லைனின் அப்லோட் வேகம் குறைவு, அல்லது அங்கே அடிக்கடி கரண்ட் போகும் என்றாலும் இது சரிவராது. ஆபீஸ் படுத்தால் எல்லா சைட்டும் சேர்ந்து படுத்துவிடும்.